கனடாவில் வாழ்க்கைத்துணைப் பொறுப்பேற்பு

கனடாக் குடிமக்களும் அங்கு நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் வெளிநாட்டவரான தம் கணவனை அல்லது மனைவியை அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்தச் சட்டம் தரும் வழியே வாழ்க்கைத்துணைப் பொறுப்பேற்பு. பேச்சு வழக்கில் இது ‘ஸ்பொன்சர்’. 2001இல் இயற்றப்பட்டு 2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் இதற்கு அடிப்படை. விண்ணப்பங்களை மத்திய அரசின் குடிவரவு, அகதிகள், குடியுரிமைத் திணைக்களம் பரிசீலிக்கிறது. 1983க்குப் பின் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த இலங்கைத் தமிழ் இளைஞர்களில் பலருடைய மனைவிமார் இந்த வழியாகவே ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் வந்தார்கள்.

இந்த நடைமுறை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, திருமணம் உண்மையானது என்ற நிரூபணம். மற்றது, அழைப்பவர் அரசுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு. முதலாவதை நினைத்துப் பயப்படாத விண்ணப்பதாரர் இல்லை. இரண்டாவதைப் பலர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திடுகிறார்கள். பின்னாளில் பெருந்தொல்லை தருவது அதுதான்.

வரலாறு

மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமை கனடாவில் எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிடைத்ததல்ல. பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வருபவர்களுக்கே அனுமதி என்ற ‘தொடர் பயண’ விதி 1908இல் வந்தது. இந்தியாவிலிருந்து அப்படிப்பட்ட கப்பல் சேவை இல்லாததால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர ஆலைகளில் உழைத்த பஞ்சாபியர் குடும்பத்தைப் பிரிந்தே வாழ நேர்ந்தது. பாக் சிங், பல்வந்த் சிங் என்ற சீக்கியத் தலைவர்கள் இருவர் 1912இல் மனைவி பிள்ளைகளோடு வன்கூவரில் வந்திறங்கியபோது, பெரும் போராட்டத்துக்குப் பிறகு கருணையின் பேரில் மட்டுமே அக்குடும்பங்கள் தங்க அனுமதிக்கப்பட்டன. இந்தியர்கள் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைக்கலாம் என்ற ஆணை 1919இல்தான் பிறந்தது. சீனர்கள் பட்ட துன்பம் இன்னும் நீண்டது: 1923ஆம் ஆண்டுச் சட்டம் 1947இல் நீக்கப்படும்வரை ஏறத்தாழ முழுக் கதவையும் அவர்களுக்கு அடைத்து வைத்தது.

குடும்பங்கள் ஒன்றுசேர்வதைக் குடிவரவின் நோக்கங்களில் ஒன்றாக எழுதி, ‘குடும்ப வகுப்பு’ என்ற பிரிவை ஏற்படுத்தியது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அது 1978இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய சட்டம் மணமாகாமல் சேர்ந்து வாழும் துணைவரையும் ஒருபால் துணைவரையும் அந்த வகுப்பில் சேர்த்தது. நிச்சயம் மட்டும் ஆனவரை அழைக்கும் பழைய பிரிவை நீக்கியது.

யார் அழைக்கலாம்

அழைப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடியும் விண்ணப்பிக்கலாம். துணைக்கு அனுமதி கிடைத்ததும் கனடாவுக்குத் திரும்பி வாழப்போவதைக் காட்டினால் போதும். ‘வெல்பெயர்’ எனப்படும் சமூக உதவிப்பணம் பெறுபவர், வங்குரோத்திலிருந்து விடுபடாதவர், சிறையில் இருப்பவர், முன்னர் ஏற்ற பொறுப்பில் கடன் வைத்திருப்பவர், உறவினருக்கு உடற்காயம் விளைவித்துத் தண்டனை பெற்றவர் போன்றோர் அழைக்க முடியாது. உடல்நலக் குறைபாட்டுக்காக அரசு உதவி பெறுவது தடையல்ல. தாமே துணை என்ற முறையில் அழைக்கப்பட்டு வந்த ஒருவர், வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு வேறொரு துணையை அழைக்க இயலாது. இத்தடை 2012 மார்ச் 2 முதல் இருக்கிறது.

குறிப்பிட்ட வருமானம் இருந்தால்தான் துணையை அழைக்கலாம் என்று ஊரில் பரவியிருக்கும் கருத்து தவறானது. பெற்றோரை அழைப்பதற்குக் குறைந்தபட்ச வருமான எல்லை உண்டு. துணையை அழைப்பதற்கு, வரும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருப்பது போன்ற மிக அரிய நிலைமைகளைத் தவிர, அப்படி ஓர் எல்லை இல்லை. தொழிற்சாலையில் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்பவரும் மனைவியை அழைக்கலாம். வரப்போகும் துணையின் நோய்க்கு அதிகச் செலவாகும் என்ற காரணத்தைச் சொல்லியும் மறுக்க முடியாது. இந்தச் சட்டத்தில் மனிதத்தன்மை மிக்க பகுதி இதுவே.

அழைக்கப்படுபவர் மூன்று வகையினர்: சட்டப்படி மணந்தவர், குறைந்தது ஓராண்டு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த துணைவர், மணக்கவோ சேர்ந்து வாழவோ முடியாத தடை இருந்தும் ஓராண்டுக்கு மேல் உறவில் நிலைத்திருப்பவர். எவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிலாள் வைத்தோ நடத்திய திருமணங்களை, கனடாப் படையினருக்குரிய விலக்கைத் தவிர்த்து, 2015 ஜூன் முதல் திணைக்களம் ஏற்பதில்லை.

திருமணம் உண்மையா என்ற கேள்வி

குடிவரவுப் பயனை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்த திருமணத்தையும் உண்மையற்ற திருமணத்தையும் ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவு விலக்குகிறது. முன்பு இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து இருந்தால்தான் மறுக்கலாம். 2010 செப்டெம்பர் இறுதியிலிருந்து ஏதேனும் ஒன்று போதும். ஆகவே இன்று மனமொத்து வாழும் தம்பதியரையும், தொடக்கத்தில் நோக்கம் வேறாக இருந்தது என்று சொல்லி மறுக்க இடமுண்டு. இது கடுமையான விதி.

பேசிச் செய்யும் திருமணத்தை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். பேசிச் செய்தது என்பதற்காக மட்டும் விண்ணப்பம் தள்ளப்படுவதில்லை. ஆனால் ஐஎம்எம் 5532 என்ற உறவு விவரப் படிவம், இருவரும் முதலில் எங்கே எப்போது சந்தித்தார்கள், அறிமுகப்படுத்தியவர் யார், திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், இரு வீட்டுப் பெற்றோரும் சந்தித்தார்களா என்றெல்லாம் கேட்கிறது. ‘மாமா பேசினார், சாதகம் பொருந்தியது, முடித்தோம்’ என்று ஒரு வரியில் எழுதினால் நமக்குப் புரியும், அதிகாரிக்குப் புரியாது. எந்த மாமா, இரு வீட்டாரையும் அவருக்கு எப்படித் தெரியும், சாதகக் குறிப்பு எப்போது கைமாறியது, பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் பேசியது என்றைக்கு, இந்த இடம் ஏன் பிடித்தது என்பதையெல்லாம் தேதியோடு எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்று இங்கே அடிக்கடி இடறுகிறது. பதிவாளர் முன் ‘எழுத்து’ முதலில் நடந்து, தாலி கட்டு சில மாதம் கழித்து நடப்பதுண்டு. எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். அதிகாரியின் கணக்கில் எழுத்து நாளிலேயே அவர்கள் கணவன் மனைவி. மணமான பிறகும் சேர்ந்து வாழவில்லை, முதல் நாள் படங்களில் பத்துப் பேர்தான் நிற்கிறார்கள் என்று அவர் ஐயப்பட்டால் அதில் வியப்பில்லை. எழுத்து எது, கலியாணம் எது, இடைவெளி ஏன் என்று இரண்டு பத்தி விளக்கம் இணைத்தால் அந்த ஐயம் எழாது.

கலியாண அல்பம் மட்டும் போதிய சான்று ஆகாது. தேதி தெரியும் உரையாடல் பதிவுகள், விமானச் சீட்டுகள், கடவுச்சீட்டு முத்திரைகள், பணம் அனுப்பிய ரசீதுகள், ஒருவர் பெயரை மற்றவர் காப்புறுதியில் உரித்தாளியாகச் சேர்த்த தாள் போன்றவை திருமணத்துக்குப் பிந்திய வாழ்வைக் காட்டுகின்றன. ஐயம் தீராவிட்டால் நேர்காணலுக்கு அழைப்பார்கள். துணையின் வேலை என்ன, எத்தனை மணிக்குப் போய் வருவார், கூடவே யார் குடியிருக்கிறார்கள், கூடப்பிறந்தவர் பெயர்கள் என்ன என்று கேள்விகள் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் கெடுதியில்லை. மனப்பாடம் செய்த விடைகள் முரண்படும்போதுதான் விண்ணப்பம் விழுகிறது. பொய் சொன்னதாகத் தீர்மானிக்கப்பட்டால் 5 ஆண்டுத் தடை.

அகதிகளாக வந்தோருக்கு இரு எச்சரிக்கைகள்

அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவர், குடியுரிமை எடுக்குமுன் தாய்நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்குப் போய்க் கலியாணம் செய்வது ஆபத்தானது. தாய்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று கூறி அகதிப் பாதுகாப்பு நிறுத்தப்படலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி அத்துடன் வதிவிட உரிமையும் பறிபோகும். மனைவியை அழைக்கப் போனவர் தாமே நாடு கடத்தலை எதிர்நோக்கும் நிலை இது. போர்க்காலத்தில் பல கனடா மாப்பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் கலியாணம் நடந்தது. இன்றும் குடியுரிமை கிடைக்காதவர்களுக்கு மூன்றாம் நாட்டுத் திருமணமே பாதுகாப்பு. குடியுரிமை பெற்றுவிட்டவரை இந்த விதி தொடாது.

அடுத்தது மறைப்பு. தாம் கனடாவுக்குக் குடியேறிய காலத்தில் இருந்த மனைவியையோ பிள்ளையையோ விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டவர், பின்னர் அவர்களை அழைக்க முடியாது என்கிறது 117(9)(ஈ) பிரிவு. முகவர் சொல்லிக்கொடுத்துத் ‘தனி ஆள்’ என்று எழுதியவர்கள் இதனால் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்திருக்கிறார்கள். 2019 செப்டெம்பரில் தொடங்கிய ஒரு தற்காலிகக் கொள்கை, அகதிகள் உட்படச் சில பிரிவினருக்கு இதில் விலக்கு அளித்தது.

விண்ணப்பமும் மறுப்பும்

துணை வெளிநாட்டில் இருந்தால் குடும்ப வகுப்பிலும், கனடாவில் கூடவே வாழ்ந்தால் உள்நாட்டு வகுப்பிலும் விண்ணப்பிக்கலாம். 2005இல் வந்த கொள்கைப்படி, விசா காலம் கடந்து தங்கிவிட்ட துணையும் உள்நாட்டு வகுப்பில் ஏற்கப்படலாம். இரண்டிலும் அழைப்பவரின் விண்ணப்பமும் துணையின் விண்ணப்பமும் இணையத்தில் ஒன்றாகவே போகின்றன. 2024 ஏப்ரல் இறுதியில் உயர்த்திய கட்டணப்படி மொத்தம் 1,205 கனடிய டொலர். கைரேகைக்கு மேலும் 85. மருத்துவப் பரிசோதனையும், வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றிதழும் தனி. எடுக்கும் காலம், அரசு அந்தந்த ஆண்டு அனுமதிக்கத் திட்டமிடும் தொகையைப் பொறுத்தது. துணைவரும் பிள்ளைகளும் சேர்த்து 2024க்கு 82,000 என்றிருந்த இலக்கு 2025க்கு 70,000 ஆகக் குறைக்கப்பட்டது. கியூபெக் மாகாணத்தவர் மாகாண அரசின் ஒப்புதலையும் தனியே பெற வேண்டும்; 2024இல் அங்கு எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டது.

எந்த வகுப்பு என்பதில் அவசரப்படக் கூடாது. குடும்ப வகுப்பில் மறுத்தால், அழைத்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வழக்கு புதிதாகவே கேட்கப்படும். மறுப்புக்குப் பின் சேர்ந்த சான்றுகளும் ஏற்கப்படும். உள்நாட்டு வகுப்பில் அந்த உரிமை இல்லை. 15 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்திடம் மீளாய்வுக்கு அனுமதி கேட்பதே வழி.

எழுதிக் கொடுத்த பொறுப்பு

துணை வதிவிட உரிமை பெறும் நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவருடைய உணவு, உடை, உறைவிடத்துக்கு அழைத்தவரே பொறுப்பு. கூடவரும் பிள்ளைக்கு அது 10 ஆண்டு, அல்லது பிள்ளைக்கு 25 வயதாகும்வரை. எது முந்துகிறதோ அது. இக்காலத்தில் துணை சமூக உதவிப்பணம் பெற்றால் அந்தத் தொகை அழைத்தவரின் கடனாகிறது. விவாகரத்தானாலும், வேலை போனாலும், துணை குடியுரிமை பெற்றாலும் பொறுப்பு நீங்காது. இதை எதிர்த்து ஒன்ராறியோவில் எழுந்த மாவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது: கடன் உண்டு, அழைத்தவரின் நிலைமையைக் கேட்டறிந்து அரசு வசூலைத் தள்ளிவைக்கலாம், ஆனால் கடனை மன்னிக்க முடியாது.

இந்த 3 ஆண்டுப் பொறுப்பு, துணையைக் கட்டிவைக்கும் கயிறல்ல. 2012 அக்டோபரில், புதிதாக மணந்த தம்பதியர் 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிட உரிமை நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை கொண்டுவரப்பட்டது. அடி வாங்கிக்கொண்டு பெண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க அது காரணமாகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அந்த விதியைச் சொல்லி இப்போதும் மிரட்டுபவர்கள் உண்டு. உரிமை கிடைக்குமுன் அழைத்தவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மை. அந்நிலையில் வன்முறைக்கு ஆளானவர், 2019 ஜூலையில் வந்த ஏற்பாட்டின்படி, கட்டணமின்றிக் குறைந்தது 6 மாதத் தற்காலிக வதிவிட அனுமதி கேட்கலாம். உண்மையான மணவாழ்வின் பேரில் வதிவிட உரிமை பெற்றுவிட்ட மனைவியோ கணவனோ, பிரிந்து போனதற்காக அதை இழப்பதில்லை. ‘ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று அவரிடம் சொல்பவருக்குச் சட்டம் அப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.