கட்டியங்காரனும் துக்ளக்கும்

காட்டூரும் பழவேற்காடும் அடங்கிய தொண்டை மண்டலம் தெருக்கூத்து வேரூன்றிய நிலமாகும். கூத்தில் வேந்தன் கொலுவீற்றிருக்கையிலேயே அவனை எள்ளி நகையாடும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. இவ்வகை வசையை அங்கதம் என்பர். வெளிப்படையாக இகழ்வது செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்து இகழ்வது பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் அதனை இருவகைப்படுத்தும்.

விடுதலைக்குப் பின்னர், 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும் நாடகத்தைத் தடை செய்யவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. அந்நிலையில் மேடைக்குப் பழிகரப்பே கைகொடுத்தது. அவ்வழியில் பெரும்புகழ் எய்தியது, 1968இல் சோ ராமசாமி அரங்கேற்றிய 'முகமது பின் துக்ளக்' ஆகும். 1971இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

1967 தேர்தலுக்குப் பின் வடமாநிலங்களில் கட்சித் தாவல் பெருகிய காலம் அது. அரியானாவின் கயா லால் பதினைந்து நாள்களுக்குள் மும்முறை கட்சி மாறியதாகக் கூறுவர். தலைநகர் மாற்றத்தாலும் செப்பு நாணயத்தாலும் பெயர் கெட்ட பதினான்காம் நூற்றாண்டுத் தில்லி சுல்தானே உயிர் பெற்று வந்து இந்தியாவின் பிரதமராவதாக நாடகம் புனைந்தது. தன் பக்கம் தாவியவர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறான் துக்ளக். மொழிப் பூசலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான்.

நாடகத்தின் கூர்முனை இதற்கு அப்பால் உள்ளது. வந்தவன் சுல்தான் அல்லன். ஊழலை வெளிப்படுத்தும் நோக்கோடு வேடமிட்ட மகாதேவன் என்னும் இளைஞன். உண்மையை உரைக்க வேண்டிய வேளையில் பதவியைத் துறக்க அவனுக்கு மனமில்லை. மக்களோ அவனையே வாழ்த்துகின்றனர். நகைத்துக்கொண்டிருந்த அவை தன்னையே அங்குக் காண்கிறது.

கட்சித் தாவலை 1985இல் 52ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தடுக்க முனைந்தது. அமைச்சர் எண்ணிக்கை அவை உறுப்பினருள் நூற்றுக்குப் பதினைந்தை விஞ்சலாகாது என 2003இல் 91ஆம் திருத்தம் பொதுவிதி வகுத்தது. நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவை என்றது. மேடை நகைத்தவற்றுள் சிலவற்றைச் சட்டம் பின்னாளில் திருத்த முயன்றது. ஆனால், பதவியேறிய சீர்திருத்தக்காரனின் ஆசைக்கும், ஆராயாது கைதட்டும் கூட்டத்துக்கும் எந்தத் திருத்தமும் எல்லை வகுக்கவில்லை. அவ்வெல்லையைச் சுட்டும் பணி இன்றும் கட்டியங்காரனுடையதே.