பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு நிக்காஹ் மஜ்லிஸை என்னால் மறக்க முடியவில்லை. விவாகப் பதிவாளர் மணப்பெண்ணின் பெயரை எழுதிவிட்டு, "பின்த்?" என்று கேட்டு நிமிர்ந்தார். பெண்ணை மூன்று மாதக் குழந்தையாக வாங்கி இருபத்திரண்டு வருடம் வளர்த்தவர் பக்கத்தில்தான் இருந்தார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் என்று இருந்ததும் அவர் பெயர்தான். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் மௌத்தாகிவிட்டார் என்பதும், அவருடைய கூடப்பிறந்தவர் பந்தலின் கடைசி வரிசையில் இருக்கிறார் என்பதும் ஊருக்குத் தெரியும். மணப்பெண்ணுக்கு மட்டும் தெரியாது. கடைசியில் அந்தச் சாச்சா முன்னுக்கு அழைக்கப்பட்டார். வலியாக நின்று ஒப்புக்கொடுத்தார். அறைக்குள் இருந்த பெண் தன் வாப்பாவின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

ஒவ்வொரு வருடமும் முதலாம் தரத்துப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்விடாப்பில் எழுதுபவன் நான். பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்தை அதுவரை ஓர் எழுத்தாகவே எண்ணி வந்தேன். அது ஒரு வம்சத்தின் சுருக்கம் என்பது அந்தப் பந்தலில்தான் விளங்கியது. வளர்த்தவரிடம் அன்புக்குக் குறைவில்லை. வெவ்வேறான நாலைந்து காரியங்களை ஒரே சொல்லால் அழைத்துப் பழகியதே அந்த வீட்டுக்கு வந்த வினை. தத்து, சுவீகாரம், அபிமானப் பிள்ளை, மகவேற்பு, எடுத்து வளர்த்தல் என்று நாம் மாறி மாறிச் சொல்லும் சொற்களுக்கு ஒவ்வொன்றாக வரலாறு உண்டு.

நம்மவர்கள் முதலில் அறிய வேண்டிய சொல் 'தபன்னீ'. பிறர் பிள்ளையைத் தன் பிள்ளை என்று அறிவித்து, தன் பெயரையும் வாரிசுரிமையையும் கொடுத்துவிடும் பழைய அரபு வழக்கம் இது. சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஸைத் (ரழி), அன்னை கதீஜா (ரழி) மூலம் நபியவர்களிடம் வந்து சேர்ந்தார். தகப்பன் ஹாரிஸா தேடி வந்தபோதும் நபியவர்களுடனேயே தங்க விரும்பினார். அப்போது நபியவர்கள் அவரைத் தம் மகன் என மக்கள் முன்னிலையில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து அவர் 'ஸைத் இப்னு முஹம்மத்'. பின்னர் அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4ஆம், 5ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பன்மாரின் பெயராலேயே அழைக்கும்படி கட்டளை வந்தது. ஸைத், 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார்.

இந்த இடத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அவரிடமிருந்து எடுக்கப்பட்டது ஒரு பெயர் மட்டுமே. நபியவர்களின் நேசம் அல்ல. ஹிஜ்ரி 8இல் மூத்தாப் போருக்குப் படைத் தளபதியாக அனுப்பப்பட்டு அங்கேயே ஷஹீதானவர் அவர். நபித்தோழர்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஒருவரும் அவர்தான். தகப்பன் யாரென்றே தெரியாத பிள்ளைக்கும் அதே 5ஆம் வசனம் வழி காட்டுகிறது: அவர்கள் மார்க்கச் சகோதரர்கள், மவ்லாக்கள். அபூஹுதைபாவின் வளர்ப்பில் இருந்த ஸாலிம் (ரழி), 'ஸாலிம் மவ்லா அபீஹுதைபா' என்று அறியப்பட்டது இப்படித்தான். பொய்யான தகப்பன் பெயருக்குப் பதிலாக மெய்யான ஓர் உறவுச் சொல் கிடைத்தது.

தபன்னீ விலக்கப்பட்ட இடத்தில் நிற்கும் சொல் 'கபாலா'. பிள்ளையைப் பொறுப்பேற்று, உணவும் கல்வியும் அன்பும் கொடுத்து வளர்ப்பது, வம்சத்தை மாற்றாதது. அநாதையைப் பொறுப்பேற்பவருக்குச் சுவர்க்கத்தில் என்ன இடம் என்பதை ஹதீஸ் படித்த எல்லோரும் அறிவர். தெருவில் கண்டெடுத்த பிள்ளை 'லகீத்'. அதை எடுத்துக் காப்பது சமூகத்தின் மீது கடமை. 'ரளாஅத்' என்பது பால்குடி உறவு. ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பால் கொடுத்தால் மஹ்ரம் உறவு உண்டாகும். பெண் குழந்தையை எடுப்பவர்கள் கணவனின் சகோதரியையும், ஆண் குழந்தையை எடுப்பவர்கள் மனைவியின் சகோதரியையும் பால் கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. ஆனால் பால் உறவு வாரிசுரிமையைத் தராது, வலி ஆகும் உரிமையையும் தராது.

இனி நம் நாட்டுச் சொற்களுக்கு வருவோம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் பிள்ளை எடுப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. எடுப்பவரின் உரித்தாளர்கள் சம்மதித்து மஞ்சள் நீரில் விரல் தோய்க்க, எடுப்பவர்கள் அதைக் குடிப்பார்கள். சாம்பல்தீவில் என்னோடு படிப்பித்த இந்து ஆசிரியர் ஒருவர் இதை 'மஞ்சள் தண்ணீர் குடித்தல்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தமக்கு வரவேண்டிய சொத்து வேறு கைக்குப் போகிறது என்பதாலேயே உறவினரின் விரல்கள் தேவைப்பட்டன. ஆக அங்கே அந்தச் சொல்லின் உயிர் வாரிசுரிமையில் இருந்தது.

நாடு முழுமைக்கும் பொதுவாக வந்தது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். விண்ணப்பிப்பவர் 25 வயது நிரம்பியவராகவும், பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் கொடுப்பது 'மகவேற்புக் கட்டளை'. அதன்பின் பதிவாளர் நாயகத்தின் தனிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறும். சட்டத்தின் கண்ணில் அது எடுத்தவர்களுக்குப் பிறந்த பிள்ளை போலாகிவிடும். நமது சட்டமோ வேறு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறப்புரிமைக் கட்டளைச் சட்டம் வாரிசுகளை நாம் சார்ந்த மத்ஹபின்படி தீர்மானிக்கிறது. அதில் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கு இல்லை. கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு 'எல்லாம் எழுதியாச்சு' என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலரும் அறியாத இன்னொன்று உண்டு. அதே 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே இரண்டு காரியங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று மகவேற்றல். மற்றது, தான் பெறாத பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் 'கட்டுக்காப்பாளர்' எனப் பதிவு செய்வது. பிள்ளையின் வம்சத்தை மாற்றாமல் பொறுப்பை மட்டும் ஏற்கும் வழி அது. நாம் கபாலா என்று தேடுவதற்கு மிகக் கிட்டிய சொல் பல தசாப்தங்களாக அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மவர்களோ ஒன்றில் மகவேற்புக்குப் போகிறார்கள், அல்லது ஒரு சத்தியக் கடதாசியோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் சிலர், நான் மேலே சொன்ன வீட்டாரைப் போல, பெற்றவர்களாகத் தம் பெயரையே பொய்யாகப் பதிந்துவிடுகிறார்கள். இதில் கடைசியானது மார்க்கத்துக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது.

பொய்ப் பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 1980களின் வரலாறு சொல்லும். அக்காலத்தில் இலங்கைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்லா' நிகழ்ச்சி, பெற்ற தாய் போல நடிக்க வேறு பெண்கள் நிறுத்தப்பட்டதையும் கடதாசிகள் பொய்யாக எழுதப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது. பதினோராயிரம் குழந்தைகள் வரை போயிருக்கலாம் என்றது. இன்று அவர்கள் நடுவயதில் தாயைத் தேடி இங்கு வருகிறார்கள். கையிலுள்ள பத்திரத்தில் இருப்பது வேறொரு பெண்ணின் பெயர். வெளிநாட்டு மகவேற்பு 1992இன் திருத்தச் சட்டத்தால் இறுக்கப்பட்டது. 1995இல் இலங்கை ஹேக் சமவாயத்தை ஏற்றது.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையில் ஏறியபோது நான் தொழிலுக்குப் புதியவன். ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்திருந்தேன். தாய் தகப்பனை இழந்த பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதை எந்தப் பாடத்திலும் படித்திருக்கவில்லை. முகாமுக்கு வந்த பலர் 'ஒரு பிள்ளையைத் தாருங்கள்' என்றே கேட்டார்கள். அதே நாட்களில் கல்முனை வைத்தியசாலையில் ஒரு குழந்தையை உலகம் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று அழைத்தது. பெயரில்லாத பிள்ளைக்கு அனுமதி இலக்கமே பெயரானது. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை பெற்றவர்களை உறுதி செய்தது. அவசரப்பட்டு யாரிடமாவது மகவேற்கக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற முறையை வகுத்தது. அது தற்காலிகப் பொறுப்பு. பிள்ளையின் பெயரைத் தொடாதது.

கபாலா என்ற நம் சொல் உலகச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம், குடும்பத்தை இழந்த பிள்ளைக்கான மாற்று ஏற்பாடுகளைப் பேசும் 20ஆம் உறுப்புரையில் இஸ்லாமியச் சட்டத்தின் கபாலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1991இல் இலங்கை அதை ஏற்றது.

ஆகவே பிள்ளை எடுக்கும் வீட்டார் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெயர் யாருடையது? சொத்து எப்படிப் போகும்? மஹ்ரம் யார்? பெயர் பெற்ற தகப்பனுடையது. அதைப் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதிலேயே சொல்லிவிடுவது அமானிதம். சொத்தில் வாரிசுப் பங்கு இல்லாவிட்டாலும், உயிரோடு இருக்கையில் ஹிபாவாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். மஹ்ரம் உறவைப் பால் தீர்மானிக்கும். வலி இல்லாத பெண்ணுக்குக் காதியார் இருக்கிறார். இவை எதுவும் வளர்த்தவரின் மதிப்பைக் குறைப்பதில்லை.

மௌலவிமாரும் சட்டத்தரணிகளும் நன்னடத்தை அலுவலர்களும் ஓரிடத்தில் இருந்து இச்சொற்களுக்குப் பொருள் எழுதி, பள்ளிவாசல்களில் தொங்கவிட்டால் ஊருக்கு உதவியாக இருக்கும். அதுவரை என்னால் ஆனதைச் செய்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருபவர் தயங்கி நின்றால், சேர்விடாப்பை மூடிவிட்டு, முதலில் அவரை உட்காரச் சொல்கிறேன். அந்தச் சாச்சாவைப் போல யாரும் இருபத்திரண்டு வருடம் கடைசி வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை.