ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்



கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வந்த பேரன் வீட்டுக் கணினியில் உட்கார்ந்தவன்தான், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. கல்லூரியில் நெட்வொர்க் பாடமாம்; பழகிப் பார்க்க வீட்டிலேயே விர்ச்சுவல் மெஷின் ஆய்வகம் வேண்டுமாம். முதலில் என் போட்டோக்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தான் (நல்ல பிள்ளை). பிறகு ஹார்டு டிஸ்கில் பாகப்பிரிவினை செய்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸை ஏற்றினான். கணினியைப் போட்டதும் ஒரு திரை வந்து இரண்டு பெயரைக் காட்டி "எது வேண்டும்?" என்று நின்றது. எனக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்தத் திரையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் முதலாளி அல்ல. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, சென்னை சி-டாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழிலும் அதைப் பயன்படுத்தலாம். இப்போது பேரன் பாடுபட்டுச் செய்ததை அன்றே அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, தனக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "சார், ஆன் பண்ணா ரெண்டு பேரு வருது, எதைத் தொடணும்?" எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியார் வாய் வரவில்லை. "விண்டோஸைத் தொடும்மா. இன்னொண்ணு நமக்கெதுக்கு, இடத்தை அடைக்கும், கடையில குடுத்து அழிச்சிரு" என்றேன். அவளும் அழித்துவிட்டாள்.

இத்தனைக்கும் குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் லினக்ஸைப் பள்ளிப் பாடமாகவே கொண்டுவந்து, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நம் பக்கம் பெட்டி முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. 2018இல் வெளியான புதிய 11ஆம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில்தான் விண்டோஸோடு உபுண்டுவையும் பார்த்தேன்.

பேரனிடம் கேட்டேன்: "இரண்டு சிஸ்டம் இருக்கிறதே, அப்புறம் விர்ச்சுவல் மெஷின் எதற்கு?" பாகம் பிரித்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு அண்ணன்தான் குடியிருக்க முடியும், மற்றவர் வர வேண்டுமென்றால் இவர் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் டூயல் பூட் என்றான். விர்ச்சுவல் மெஷின் நம் திருவிழாக் கடை மாதிரி. மைதானத்தில் பத்துக் கடை போடலாம், ஒரே நேரத்தில் வியாபாரம் நடக்கும், பிரித்துவிட்டால் மைதானம் பழையபடி. ஒரு கடை எரிந்தாலும் மைதானத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் பழகுகிற பிள்ளைகளுக்கு அது வசதி.

இந்த யோசனை என் பள்ளிப் பருவத்திலேயே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967இலேயே, ஒரே பெரிய கணினியைப் பலர் தனித்தனிக் கணினி போலப் பயன்படுத்தும்படி செய்தார்கள். 1972இல் அதை விஎம்/370 என்று விற்பனைக்கு அறிவித்தார்கள். சாதாரணக் கணினிக்கு 1999இல் விஎம்வேர் வந்தது; 2005, 2006 வாக்கில் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்குள்ளேயே அதற்கு வழி வைத்தார்கள்; 2007இல் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசமாகவே கிடைத்தது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. மாற்றிச் செய்தால் விண்டோஸ் வாசலில் தன் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிடும். இன்னொன்று கடிகாரம். காலை பத்து மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டியது! லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படித்துவிடுகிறது. அந்த ஐந்தரை மணி நேரத்தைப் பேரன் ஒரே வரிக் கட்டளையில் சரிசெய்தான்.

அந்தப் பெண் இப்போது பெங்களூரில் சர்வர் வேலையில் இருக்கிறாள். போனில் இதைச் சொன்னேன். "நீங்க அழிக்கச் சொன்னதைத்தான் சார் அப்புறம் காசு கட்டிப் படிச்சேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "அய்யோ சார்!" என்று பதறிவிட்டாள்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த மடிக்கணினி கிடந்தால், ஒருமுறை சார்ஜ் போட்டு ஆன் செய்து பாருங்கள். இன்னும் இரண்டு பெயர் வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.