அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஸ்கேன்: முடிவை எவ்வளவு நம்பலாம்?

மார்பு வலியோ மூச்சுத் திணறலோ இல்லாத ஒருவர் முழு உடல் பரிசோதனைக்குச் செல்கிறார். ஸ்ட்ரெஸ் எக்கோ அல்லது தாலியம் ஸ்கேன் எடுக்கப்பட்டு, முடிவு 'பாசிட்டிவ்' என வருகிறது. அவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளது என்று பொருளா? பெரும்பாலும் இல்லை.

குறுகிய ரத்தக்குழாய்கூட உடல் ஓய்வில் இருக்கும்போது இதயத் தசைக்குப் போதிய ரத்தத்தைக் கொடுத்துவிடும். ஆகவே டிரெட்மில்லில் நடக்கவைத்தோ, டோபுடமின், அடினோசின் போன்ற மருந்துகளைச் செலுத்தியோ குறைபாட்டை வெளிக்கொணர்கின்றனர். எக்கோவில் இதயச் சுவரின் அசைவும், அணுக்கதிர் ஸ்கேனில் ரத்த ஓட்டமும் பார்க்கப்படுகின்றன.

சோதனையின் திறன் ஒருபுறம் இருக்க, அது யாருக்குச் செய்யப்படுகிறது என்பதே முடிவின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். நோயுள்ளவர்களில் 85 சதவீதம் பேரையும், நோயற்றவர்களில் 80 சதவீதம் பேரையும் ஒரு சோதனை சரியாக அடையாளம் காண்கிறது என வைத்துக்கொள்வோம். குறைந்த ஆபத்துள்ள 1,000 பேரில் 20 பேருக்கு மட்டுமே நோய் இருந்தால், அவர்களில் 17 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயற்ற 980 பேரில் 196 பேருக்கும் பாசிட்டிவ் வரும். அதாவது, பாசிட்டிவ் வந்த 213 பேரில் உண்மையான நோயாளிகள் சுமார் 8 சதவீதமே. இதே சோதனையைப் பாதிப்பேருக்கு நோயுள்ள குழுவில் செய்தால், அந்த விகிதம் 81 சதவீதமாக உயரும். இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வயது, பாலினம், வலியின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு நோய்க்கான வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிடும் முறையை டயமண்ட், ஃபாரெஸ்டர் ஆகிய மருத்துவர்கள் 1979-ல் வெளியிட்டனர். இன்றைய வழிகாட்டுதல்களுக்கு அதுவே முன்னோடி.

தவறான பாசிட்டிவ் முடிவுகளுக்கு உடலமைப்பும் காரணமாகிறது. அணுக்கதிர் ஸ்கேனில் பெண்களின் மார்பகத் திசு இதயத்தின் முன்சுவரிலும், உதரவிதானம் கீழ்ச்சுவரிலும் ரத்த ஓட்டம் குறைந்ததுபோன்ற நிழலை உண்டாக்கக்கூடும். அந்த நிழலைத் தெளிவுபடுத்த ஆஞ்சியோகிராம் வரை செல்ல நேர்கிறது. கதிர்வீச்சு, ரத்தக்கசிவு, செலவு, மன உளைச்சல் எல்லாம் ஆரோக்கியமானவரின் தலையில் விழுகின்றன.

அறிகுறி இல்லாத 1,123 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான 'டயாட்' ஆய்வில், ஸ்கேன் செய்யப்பட்டவர்களுக்கும் செய்யப்படாதவர்களுக்கும் இடையே மாரடைப்பு, இதய மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீரிழிவு உள்ளவர்களிடமே பலன் தெரியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதிக ஆபத்துக்கான காரணிகள் இல்லாத, அறிகுறியற்றவர்களுக்கு இத்தகைய ஸ்கேன் வேண்டாம் என அமெரிக்க இதயவியல் கல்லூரி 2012-ல் அறிவுறுத்தியது. நோய்க்கான வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு எனில் சோதனையைத் தவிர்க்கலாம் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் நிலைப்பாடு.

'நெகட்டிவ்' முடிவும் முழு உத்தரவாதம் அன்று. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத சிறிய கொழுப்புப் படிவு திடீரென வெடித்தும் மாரடைப்பு ஏற்படலாம்; அத்தகைய படிவு இந்த ஸ்கேனில் தெரியாது.

நடக்கும்போது மார்பில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மேற்கண்ட கணக்கு பொருந்தாது. அவர்கள் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.