நாற்பதாவது தொகுதி: புதுச்சேரி ஓட்டுப் போட்ட கதை



தேர்தல் வந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கட்சிகள் "நாற்பதும் நமதே" என்று சுவரெழுதக் கிளம்பிவிடும். தமிழ்நாட்டில் இருப்பது 39 மக்களவைத் தொகுதி. அந்த நாற்பதாவது எங்கள் ஊர், புதுச்சேரி. வகுப்பில் ஒரு நண்பன், "எங்க 39-ல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்கதான் உங்க ஊர்லயும், தனியா எதுக்குடா எண்ணுறீங்க?" என்று கேட்டான். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் தொகுதியின் வடிவத்தைப் பாருங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கின்றன. மாஹே கேரளத்தில் கண்ணூர் பக்கம். ஏனாம் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம். நான்கு துண்டு, மூன்று மொழி, ஒரே ஒரு எம்.பி. சட்டமன்றத் தொகுதிகள் மொத்தம் 30. அதில் 23 புதுச்சேரியில், 5 காரைக்காலில், மாஹேக்கும் ஏனாமுக்கும் ஆளுக்கு ஒன்று. வேட்பாளர் மூன்று மொழியில் நோட்டீஸ் அடிக்க வேண்டும் (அச்சகக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்!). பிரெஞ்சுக்காரன் எங்கெங்கே கடை போட்டானோ அதெல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொகுதி.

அதனால் இதன் கதையை 1967-லிருந்து ஆரம்பித்தால் பாதிதான் கிடைக்கும். 1871-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆண்டு முதல் பிரெஞ்சிந்தியாவின் வயது வந்த ஆண்கள் ஓட்டுப் போட்டு ஒரு உறுப்பினரைப் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அப்போது பக்கத்தில் கடலூரிலோ விழுப்புரத்திலோ யாருக்கும் அப்படி ஒரு உரிமை கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1920-இல் நடந்த தேர்தலில்கூட வரி கட்டுகிறவர்கள், சொத்துள்ளவர்கள் போன்ற சிறு கூட்டத்துக்குத்தான் ஓட்டு. எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951-52 வரை காத்திருந்தது.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். ஓட்டு நம்முடையது, உறுப்பினர் பெரும்பாலும் பாரீஸ்காரர். 1881 முதல் 1898 வரை பியேர் அலிப் என்பவர் உறுப்பினர். 1910, 1914 இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவர் போல் புளுய்சன். உள்ளூரில் யார் கையில் ஆள்பலம் இருக்கிறதோ அவரைப் பிடித்தால் போதும், ஓட்டு மொத்தமாக விழும். அந்த வேலையில் கைதேர்ந்தவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். 1880-களிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு புதுச்சேரி அரசியல் அவரைச் சுற்றித்தான் ஓடியது. அதோடு 1884-இல் உள்ளூர் மன்றத் தேர்தல்களுக்கு வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட 'ரெனோன்சான்' இந்தியருக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. கைப்பிடி ஐரோப்பியருக்கும் பெருங்கூட்டமாக இருந்த மற்றவர்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இடங்கள்! சமத்துவம் பேசிய குடியரசின் கணக்கு இது.

இந்தத் தேர்தல்களில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1910-இல் புளுய்சனுக்கு ஆதரவாகத் தேர்தல் வேலைக்கு வந்தவர் போல் ரிஷார். வந்த இடத்தில் அரவிந்தரைச் சந்தித்தார். 1914-இல் தானே வேட்பாளராக நிற்க மறுபடி வந்தார், கூடவே மனைவி மிர்ராவும். ரிஷார் தோற்றார். ஆனால் மிர்ராவுக்கு ஊர் ஒட்டிக்கொண்டது. 1920-இல் திரும்பி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவரைத்தான் ஆசிரமத்து அன்னை என்கிறோம். 1968-இல் ஆரோவில் அவரால் தொடங்கப்பட்டது. ஒரு தேர்தல் தோல்வியால் ஊருக்குக் கிடைத்த வரவு!

இரண்டாம் உலகப்போர் முடிந்தபிறகு நிலைமை மாறியது. லாம்பேர் சரவணன் பாரீஸுக்குப் போனார். 1951-இல் அவரைத் தோற்கடித்து எதுவார் குபேர் போனார். ஆமாம், குபேர் மார்க்கெட், குபேர் சாலை என்று நாம் தினமும் சொல்லும் அதே குபேர்தான். பிரெஞ்சுக்காரர்களின் ஆள் என்று பெயரெடுத்தவர் 1954 மார்ச்சில் இணைப்புப் பக்கம் தாவினார். 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் அவர்தான். அணி மாறுவது எங்கள் ஊரில் பின்னால் வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும் :)

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். இந்தியாவுடன் இணைய 170, எதிர்த்து 8. ஓட்டுப் போட்டது பிரதிநிதித்துவ சபை, நகரசபை உறுப்பினர்கள். பொதுமக்களுக்கு நேரடி ஓட்டு இல்லை. எண்பது வருடமாக ஓட்டுப் போட்டுப் பழகிய மக்களிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் நேராகக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்து 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம். பிரான்ஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து அது நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரிக்கு மக்களவையில் ஓரிடம் தந்தது. நாங்கள் கலந்துகொண்ட முதல் மக்களவைப் பொதுத்தேர்தல் 1967. தமிழ்நாட்டில் காங்கிரஸ் மண்ணைக் கவ்விய தேர்தல், 39-இல் அதற்கு மூன்றே இடம். புதுச்சேரியில் ஜெயித்தது யார்? காங்கிரஸின் திருமுடி சேதுராமன். நண்பன் கேட்ட கேள்விக்கு முதல் பதில் முதல் தேர்தலிலேயே இருக்கிறது.

1971-இல் வந்தவர் மோகன் குமாரமங்கலம். ஊர்க்காரர் அல்ல. முன்னாள் கம்யூனிஸ்ட், பெரிய வழக்கறிஞர், பிறகு இந்திராவின் அமைச்சரவையில் உருக்குத் துறை மந்திரி. 1973 மே 31-இல் டில்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அதனால் 1974-இல் இடைத்தேர்தல், கூடவே சட்டமன்றத் தேர்தலும். அ.தி.மு.க. தொடங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. திண்டுக்கல்லில் ஜெயித்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அந்தக் கட்சி முதன்முதலில் ஆட்சி அமைத்தது புதுச்சேரியில். எம்.பி. ஆனவர் பாலா பழனூர். முதலமைச்சர் எஸ். ராமசாமி. அந்த ஆட்சி மூன்றே வாரத்தில் கவிழ்ந்தது வேறு கதை.

1977-இலும் பாலா பழனூரே ஜெயித்தார். 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் சத்தியவாணி முத்துவும் இவரும் இடம்பெற்றார்கள். திராவிடக் கட்சி ஒன்றிலிருந்து மத்திய மந்திரி ஆன முதல் இருவர் இவர்கள்.

ஆனால் அந்த வருடம் ஊரில் வேறொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், சிறிய யூனியன் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்க்கலாம் என்று பேசினார். புதுச்சேரி கொதித்தது. கடையடைப்பு, போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1956 ஒப்பந்தத்தில் மக்கள் விருப்பத்தை அறியாமல் இந்தப் பகுதியின் நிலையை மாற்றக்கூடாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. கீழூரில்தான் நேராகக் கேட்கவில்லை, இந்த முறையாவது கேட்க வேண்டாமா? இணைப்புக்கு எம்.ஜி.ஆரும் உடந்தை என்ற பேச்சு பரவ, 1980 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஆட்சியில் உட்கார வைத்த அதே ஊர்! மக்களவை இடம் இந்திரா காங்கிரஸின் ப. சண்முகத்துக்குப் போனது. 1984, 1989 என்று மேலும் இரண்டு முறை அவரே.

அடுத்தது எம்.ஓ.எச். பாரூக். 30 வயது நிறைவதற்குள் முதலமைச்சர் ஆனவர். 1991-இல் எம்.பி. 1996-இல் தமிழ்நாட்டில் 39-உம் தி.மு.க., த.மா.கா. அணிக்குப் போக, நாற்பதாவது மட்டும் பாரூக்கிடமே நின்றது. 1998-இல் நேர் தலைகீழ். அங்கே ஜெயலலிதா அணி 30 இடத்தை அள்ளியது, இங்கே தி.மு.க.வின் ஆறுமுகம் ஜெயித்தார். இந்தத் தொகுதியில் தி.மு.க. ஜெயித்தது அந்த ஒரே முறைதான். 1999-இல் திரும்பவும் பாரூக்.

2004-இல் பா.ம.க.வின் பேராசிரியர் மு. இராமதாஸ் ஜெயிக்க, அந்த அணிக்கு நாற்பதும் கிடைத்தது. அவரிடம் தோற்ற பா.ஜ.க. வேட்பாளர் லலிதா குமாரமங்கலம், 1971-இல் இங்கே வென்ற மோகன் குமாரமங்கலத்தின் மகள். 2009-இல் நாராயணசாமி. 2014-இல் அ.தி.மு.க. அங்கே 37 எடுத்தும் இங்கே தோற்றது. ரங்கசாமி 2011-இல் தொடங்கிய என்.ஆர். காங்கிரஸின் ராதாகிருஷ்ணன் வென்றார். 2019-இலும் 2024-இலும் முன்னாள் முதல்வர் வைத்திலிங்கம். இந்த இரண்டு முறையும் பெரிய வித்தியாசம், ஒரு லட்சத்துக்கு மேல்.

ஆக என் நண்பனுக்குப் பதில்: 1967, 1996, 1998, 1999, 2014. இந்த ஐந்து முறையும் நாற்பதாவது தன் வழியில் போயிருக்கிறது. அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன, பென்ஷன் வாங்கும் பழைய 'சொல்தா' வீடுகள் உட்பட. அவர்களுக்கு டில்லிக்கு ஓட்டு இல்லை, பாரீஸுக்கு உண்டு. 2024 ஏப்ரல் 19 அன்று நாங்கள் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றோம். அதே ஆண்டு ஜூன் 30 அன்று பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று. ஒரே தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ஓட்டுப் போடக் கிளம்பினார்கள்.