மண் அடுப்பு (ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம்)

மண் அடுப்பு என்பது களிமண்ணால் கையால் வனைந்து, உலர்த்திப் பயன்படுத்தப்படும் விறகு அடுப்பு ஆகும். சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அடுப்பு. வறுமையில் சமைக்க மறந்து, காளான் பூத்துக் கிடந்த அடுப்பைப் பெருந்தலைச் சாத்தனார் புறநானூற்றின் 164ஆம் பாடலில் காட்டுகிறார். அவ்வடுப்பின் பக்கங்கள் உயர்ந்திருந்ததையும் அவர் சொல்லத் தவறவில்லை. இன்றைய அடுப்பின் வடிவமும் ஏறத்தாழ அதுவே.

பழைய செங்கற்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' எனப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகியவை அதில் அடங்கியிருந்தன. ஏரிகள் வற்றும் கோடையில்தான் களிமண் எளிதில் கிடைக்கும். மண்ணை ஊறவைத்து, கல் பொறுக்கி, உமி அல்லது நறுக்கிய வைக்கோல் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். உமி சேர்ப்பது உலரும்போது வெடிப்பைக் குறைக்கும். சுவரை ஒரே மூச்சில் எழுப்பினால் ஈரமண் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். ஆகவே சிறிது எழுப்பி, இறுகவிட்டு, அதன்மேல் அடுத்த பகுதியை வைப்பர். பானை அமர மூன்று குமிழ்கள் வைக்கப்படும்; அவற்றின் இடைவெளி வழியே அனலும் புகையும் வெளியேறும். பக்கத்தில் இன்னொரு வாயை இணைத்தால் அது கொடி அடுப்பு. ஒரே தீயில் சோறும் வேகும், குழம்பும் சூடாக இருக்கும்.

உலர்த்துவதே கடினமான கட்டம். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், சுவர் வெடிக்கும். எனவே நிழலில் பல நாள் ஆறவிட்டு, கீறல்களைக் குழைத்த மண்ணால் அடைத்து, சாணமும் செம்மண்ணும் கொண்டு மெழுகுவர். முதல் தீயும் சிறிதாகவே இருக்க வேண்டும். பெருந்தீ மூட்டினால் எஞ்சிய ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். தைப்பொங்கலுக்கு அடுப்பு விற்போருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எனவே உலர்த்த மார்கழியில் கிடைக்கும் வறண்ட நாட்களையே அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

புகையில் இருமிய பெண்களை மறந்துவிட்டு மண் அடுப்பைப் புகழ்வது நியாயமாகாது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு 1950களிலேயே புகைபோக்கி கொண்ட மண் அடுப்பை வடிவமைத்தார். மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 1980களில் வந்தது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், விறகு அடுப்பு பல வீடுகளில் பின்கட்டுக்குப் போயிற்று.

இதே காலத்தில் ஊரும் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது; ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. வயல்களுக்கு அருகே தொழிற்பேட்டைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. வாடகை அறையில் மண் அடுப்பு போட முற்றம் ஏது?

மண்பாண்டத் தொழிலாளர்களின் நெடுநாள் குறை களிமண் எடுக்க அனுமதி பெறுவதில் இருந்தது. ஏரி, குளங்களிலிருந்து களிமண்ணும் வண்டல் மண்ணும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று 2024இல் தமிழ்நாடு அரசு விதியை எளிதாக்கியது. அந்த அனுமதியும் ஏரி நிரம்பும் முன் கைக்கு வந்தால்தான் பயன். நீர் ஏறியபின் மண்ணை வெட்ட முடியாது.