சபோவும் சேஃப்டி ஷூவும்



போன மாதம் என் தங்கை மகனின் கால் பெருவிரல் நசுங்கிவிட்டது. ஓசூரில் பன்னிரண்டு வருடம் டர்னராக இருந்தவன். இப்போது இங்கே சாமல்பட்டியில், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஒரே ஒரு லேத்தை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறான். லேத்தின் சக் ஒன்றைக் கழற்றும்போது கை நழுவிவிட்டது. காலில் இருந்ததோ ரப்பர் செருப்பு. பழைய சேஃப்டி ஷூ பரணில் கிடந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அது கம்பெனிக்குப் போட்டது மாமா. வீட்டுல எதுக்கு?" என்றான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அவன் பதிலைக் கேட்டதும் அங்கே கற்ற 'சபோ' என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்யும் காலணி அது. நம் பாதக்குறடும் மரம்தான். ஆனால் அதில் விரல்கள் குமிழைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும். சபோ விரல்களை முழுக்க மூடிவிடும். பிரெஞ்சு உழவர்களும் ஏழைத் தொழிலாளர்களும் வேலைக்கு அதைத்தான் அணிந்தார்கள்.

நாசவேலையைக் குறிக்கும் 'சபொத்தாஜ்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. தொழிலாளர்கள் சபோவை இயந்திரத்துக்குள் எறிந்தார்கள் என்று கதை சொல்வார்கள்; அதற்குச் சான்றில்லை. மரக்காலணியோடு தடதடவென்று நடப்பது, வேலையை அரைகுறையாகச் செய்வது என்பவையே பழைய பொருள். 1897இல் துலூஸ் நகரில் கூடிய தொழிற்சங்க மாநாட்டில் எமில் பூழே போன்றவர்கள் அதைப் போராட்ட முறையாக முன்வைத்தார்கள். பிறகு சொல் உலகெங்கும் பரவிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்புக் காலணியை 1957ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. ஒரே ஆள் நிற்கும் ஷெட்டுக்கு இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், இ.எஸ்.ஐ.யும் கிடையாது. குமாஸ்தா வேலையில் நான் கண்டது இதுதான்: சட்டம் ஆள் கணக்குப் பார்க்கும். கீழே விழும் இரும்பு அதைப் பார்ப்பதில்லை.

சேஃப்டி ஷூவின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கவேண்டும் என்பது தரவிதி. 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இவன் சக் அவ்வளவு கனமுமில்லை, அவ்வளவு உயரத்திலிருந்து விழவுமில்லை. பரணில் இருந்த ஷூ காலில் இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும். மூன்று வாரம் லேத் ஓடவில்லை. அந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க யாருமில்லை.

"முதலாளிக்குச் செய்தால் சபொத்தாஜ். உன் காலுக்கு நீயே செய்துகொண்டால் அதற்கு என்னப்பா பேர்?" என்று கேட்டேன். சிரித்தான்; பதில் சொல்லவில்லை. நேற்றுப் போனேன். ஷூ பரணிலிருந்து இறங்கி, லேத் ஸ்விட்ச்சுக்குக் கீழே இருந்தது.